பதினைந்து வயது ஸ்டிக்கர்

மரியநாதபுரம், திண்டுக்கல்
25.2.2002

இயேசு மரி சூசை துணை

அன்புத் தம்பி பாஸ்கலுக்கு,

அக்கா ஆனந்தமேரி எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நான்கு பேரும் சுகம். நீயும் மார்த்தாவும் சுகமாக இருக்க தினமும் ஜெபமாலையில் வேண்டிக்கொள்கிறேன். அடிலெய்டில் வெயில் என்று புலம்பினாயே, இங்கே வந்து பார். பிப்ரவரி முடியவில்லை, அதற்குள் மலைக்கோட்டைப் பாறை அனல் அடிக்கிறது. குடிதண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவை.

நீ போனில் கூப்பிடும்போது நான் ‘ம்’, ‘சரி’ என்று மட்டும் பேசுகிறேன் என்று குறைப்பட்டாய். உன் மச்சான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அப்போது என்னத்தைப் பேசுவது? கடிதம் என்றால் நிதானமாக எழுதலாம். பதிலைப் பள்ளிக்கூட விலாசத்துக்கே போடு. தையல் வகுப்பு இல்லாத பீரியடில் படித்துக்கொள்வேன்.

நல்ல செய்தி ஒன்று. சகாயசெல்விக்கு செம்பட்டியிலிருந்து வரன் வந்திருக்கிறது. பையன் உரக்கடை வைத்திருக்கிறான். கோயிலுக்குப் போகிற குடும்பம், ரொம்பக் கட்டுதிட்டமானவர்கள். பெண் வீட்டைப் பற்றி நாலு இடத்தில் விசாரித்துவிட்டுத்தான் வருவார்களாம். ஈஸ்டர் பாஸ்கா முடிந்த மறுநாள், திங்கட்கிழமை சாயங்காலம் வருகிறார்கள்.

தவக்காலம் நடக்கிறது. உன் மச்சான் வழக்கம்போல நாற்பது நாளும் கறியும் தொடுவதில்லை, அந்தப் பக்கமும் போவதில்லை. தோல் குடோனிலிருந்து ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறார். வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையில் அவர்தான் சிலுவை பிடிக்கிறார். உனக்குச் சொல்வதற்கென்ன, வருடத்தில் எனக்குப் பிடித்த நாட்கள் இவைதான்.

டோனி பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறான். நீ கொடுத்த கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்டாய். நன்றாக இருக்கிறது. தூசி படாமல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

உன் அக்கா,
ஆனந்தமேரி


அடிலெய்டு
12.3.2002

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பாஸ்கல் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உன் கடிதம் கிடைத்ததும் மார்த்தாவிடம் ‘எங்கக்கா ரெண்டு பக்கம் எழுதியிருக்கு’ என்று காட்டிப் பெருமைப்பட்டேன்.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் தொண்ணூற்று மூன்று வயதுக் கிழவர் ஒருவர் என்னை ‘பாஸ்கட்’ என்றே கூப்பிடுகிறார். திருத்தித் திருத்தி ஓய்ந்துவிட்டேன். நானும் கூடை மாதிரி அவர் சொல்வதையெல்லாம் வாங்கிக்கொள்கிறேன்.

செல்விக்கு வரன் வந்தது பெரிய சந்தோஷம். தாய்மாமன் நான் இருக்கிறேன். மாலை எடுத்துக் கொடுக்க விமானம் ஏறி வந்துவிடுவேன், கவலைப்படாதே.

டோனி உறுதிபூசுதல் சடங்குக்கு நான் வந்தபோது வாங்கித் தந்த அந்தக் கம்ப்யூட்டரை ஏன் துணி போட்டு மூடுகிறாய்? அது என்ன கல்யாணப் பட்டுப்புடவையா? ஓட விட்டால்தான் நல்லது. நான் கொண்டுவந்த மூன்று டிஸ்க்கில் கார் பந்தயத்தை முடித்துவிட்டானா? துப்பாக்கி விளையாட்டில் எத்தனாவது கட்டம் என்று கேட்டு எழுது. பரீட்சை முடிந்ததும் ஆடட்டும். மச்சானுக்கு என் வணக்கம். அவர் விரதம் நல்லபடி முடியட்டும்.

அன்புத் தம்பி,
பாஸ்கல்


திண்டுக்கல்
10.4.2002

இயேசு மரி சூசை துணை

அன்புத் தம்பிக்கு,

இது என் கையெழுத்து இல்லையே என்று பார்க்காதே. நான் சொல்லச் சொல்ல எங்கள் பள்ளி ஜோஸ்பின் டீச்சர் எழுதுகிறார். துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்துவிட்டேன். வலது கையில் மாவுக்கட்டு. மற்றபடி நான் சுகம். நீங்கள் சுகமா?

தம்பி, மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி. பாஸ்கா திங்கள் மத்தியானம் டோனி அவன் அப்பாவை அடித்துவிட்டான். வாசல் கதவுக்குப் பூட்டுவோமே, அந்தப் பெரிய மாங்காய்ப் பூட்டால் தலையில் அடித்துவிட்டான். பன்னிரண்டு தையல். இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்து, இப்போது எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். டோனிக்குப் பதினைந்து வயது என்பதால் ஜெயில் இல்லை. மதுரைப் பக்கம் சிறுவர்களை வைக்கிற இல்லத்தில் இருக்கிறான். பத்தாம் வகுப்புக் கடைசிப் பரீட்சையும் எழுதவில்லை.

ஏன் அடித்தான் என்று தெரு முழுக்கக் கேட்கிறார்கள். செம்பட்டிக்காரர்கள் அன்றைக்கு வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிவிட்டார்கள்.

சேக் பரீது என்று ஒரு வக்கீலைப் பிடித்திருக்கிறோம். நல்ல மனிதர். அவர் என்னிடம், “ஏம்மா, பையனுக்கு சினிமா, கம்ப்யூட்டர் கேமுன்னு எதும் பழக்கம் உண்டா?” என்று கேட்டார். தம்பி சில விளையாட்டு டிஸ்க் தந்தான் என்று சொன்னேன். “அதுல துப்பாக்கியால சுடுறது உண்டாம்மா?” என்றார். உண்டு என்றேன். அதை எழுதிக்கொண்டார். கேட்டார், சொன்னேன், அவ்வளவுதான். நீ மனதில் எதுவும் வைத்துக்கொள்ளாதே.

டோனிக்காக ஜெபி.

அக்கா


அடிலெய்டு
22.4.2002

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் கடிதத்தை வேலைக்குப் போகிற பஸ்ஸில் படித்தேன். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அக்கா, உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். அந்தத் துப்பாக்கி விளையாட்டின் அட்டையில் சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பதினைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தரக்கூடாது என்று போட்டிருந்தது. டோனிக்கு அப்போது பதின்மூன்று. நீ பார்த்தால் திட்டுவாய் என்று, மார்த்தாவின் நகப்பாலிஷ் அழிக்கிற மருந்தைத் தடவி அந்த ஸ்டிக்கரை உரித்தெடுத்தேன். தாய்மாமன் வெளிநாட்டிலிருந்து வந்து சீர் செய்கிறான் என்ற பவுசில் செய்தேன். விளையாட்டுத்தானே என்று நினைத்தேன். அக்கா, என்னை மன்னித்துவிடு. மச்சான் தலையில் விழுந்த அடி நான் அடித்தது.

இங்கே இதைப் பற்றி இப்போது பெரிய பேச்சு நடக்கிறது. இந்த ஊரில் சினிமாவுக்குப் பதினெட்டு வயது முத்திரை உண்டு. கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு அது கிடையாது. பதினைந்துதான் உச்சம். அதைத் தாண்டினால் விற்கவே கூடாது என்று நிறுத்திவிடுவார்கள். அதனால் பெரியவர்கள் மட்டும் பார்க்கவேண்டியதைக்கூட எப்படியோ வெட்டி ஒட்டிப் பதினைந்துக்குள் நுழைத்து விற்கிறார்கள் என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். பதினெட்டு என்று சட்டம் போட்டுத் தனியாகப் பிரித்துவிட்டால் பிள்ளைகள் கைக்குப் போகாது என்று ஒரு கூட்டம் சொல்கிறது. அப்படிப் போட்டால் இன்னும் மோசமானதெல்லாம் கடைக்கு வந்துவிடும் என்கிறது மறு கூட்டம். இதுவரை நான் இதையெல்லாம் தள்ளிக்கொண்டு விளையாட்டுப் பக்கம் படிக்கிறவன். இப்போது ஒரு வரி விடாமல் படிக்கிறேன்.

டோனி அதில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பான்? கம்ப்யூட்டரை எந்த அறையில் வைத்திருந்தீர்கள்? கோபம் எப்போதிலிருந்து வந்தது? எல்லாவற்றையும் எழுது. கை எப்படி இருக்கிறது? ஜோஸ்பின் டீச்சரின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, நன்றி சொன்னேன் என்று சொல்.

பாவி தம்பி,
பாஸ்கல்


திண்டுக்கல்
14.5.2002

இயேசு மரி சூசை துணை

அன்புத் தம்பிக்கு,

இதுவும் ஜோஸ்பின் எழுதுவதுதான். கட்டுப் பிரிக்க இன்னும் இரண்டு வாரம் ஆகும். இங்கு சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ உன்னைப் பாவி என்று எழுதினாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ பாவி இல்லை. ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். டோனி சோறு தண்ணீர் இல்லாமல் அதன் முன்னாலேயே கிடப்பான். கூப்பிட்டால் காது கேட்காது. கண் சிவந்து போயிருக்கும். நிறுத்தச் சொன்னால் கையில் கிடைத்ததை எடுத்து எறிவான். இதைத்தான் வக்கீலிடமும் சொல்லியிருக்கிறேன்.

வக்கீல் உன்னிடம் ஒரு காகிதம் கேட்கிறார். அந்த விளையாட்டு பெரியவர்களுக்கு மட்டும் உரியது, பிள்ளைகளுக்குக் கூடாது என்று உங்கள் அரசாங்க முத்திரையோடு கிடைத்தால் போதுமாம். பிள்ளை தன் புத்தியில் செய்யவில்லை என்று சொல்லி வெளியே எடுத்துவிடலாம் என்கிறார். இல்லாவிட்டால் மூன்று வருடம்வரைகூட வைத்திருக்கலாமாம். தம்பி, அவனை அங்கே பார்க்க என்னால் முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் கட்டைத் தொட்டுப் பார்த்தான்.

உன் மச்சான் கோயிலில் தெருக்காரர்கள் கூடுகிற அன்பியக் கூட்டத்தில் எழுந்து நின்று, “அந்தப் பொட்டிதேன் எம்புள்ளையக் கெடுத்துப்புருச்சு. நான் அவன மன்னிச்சுட்டேன்” என்று அழுதார். எல்லோரும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இது செம்பட்டிவரைக்கும் போயிருக்கிறது. மாப்பிள்ளையின் தாயார் ஆள்விட்டுக் கேட்டார்: “கேம் பித்துன்னா சரி, வயசுக் கோளாறு. வீட்டுக்குள்ள வேற ஒண்ணும் இல்லைல்ல?” ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். திரும்ப வருவார்கள்போலத் தெரிகிறது.

காகிதத்தைச் சீக்கிரம் அனுப்பு.

அக்கா


அடிலெய்டு
3.6.2002

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மச்சானும் தேறி வருவது கேட்டு நிம்மதி.

நீ கேட்ட காகிதத்துக்காக இரண்டு நாள் லீவு போட்டு அலைந்தேன். ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்று எழுதித் தரவே முடியாது என்றார்கள். அப்படி ஒரு வகையே சட்டத்தில் இல்லையாம். பதினைந்து என்பதற்கான பக்கத்தை அச்செடுத்துத் தந்தார்கள். அது போதாது என்று நானே ஒரு சத்தியக் கடிதம் எழுதினேன். ஸ்டிக்கரை உரித்தது, டோனி சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தது, கையில் கிடைத்ததை எறிந்தது எல்லாம் எழுதி, நோட்டரி முன்னால் பைபிளைத் தொட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இத்துடன் வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் நடந்தது. சட்டத்தைத் திருத்துவது பற்றி எங்கள் பகுதி நூலகத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். நான் எழுந்து என் அரைகுறை இங்கிலீஷில் டோனி கதையைச் சொன்னேன். ஒரு கிழவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பின்வரிசையில் காதில் வளையம் போட்ட ஒரு பையன் மட்டும் எழுந்து, “அந்த வீட்டில் வேறு என்ன நடந்தது என்று யாராவது கேட்டீர்களா? எதற்கெடுத்தாலும் விளையாட்டின்மேல் பழியைப் போடுவது சுலபம்” என்றான். ‘என் அக்கா வீட்டைப் பற்றிப் பேச நீ யார்’ என்று தமிழிலேயே கத்திவிட்டேன். எல்லோரும் அவனை உட்காரச் சொன்னார்கள். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் என் படம் வந்தது. கத்தரித்து வைத்திருக்கிறேன்.

சட்டம் வருமோ வராதோ, டோனிக்கு நான் செய்த பாவத்துக்கு இப்படியாவது பரிகாரம் தேடுகிறேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன்.

தம்பி,
பாஸ்கல்


திண்டுக்கல்
3.7.2002

இயேசு மரி சூசை துணை

அன்புத் தம்பிக்கு,

இது என் கையெழுத்துதான். கோணல் மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இரண்டு விரல் மடங்கவில்லை. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஜோஸ்பின் என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறாள்.

டோனி திங்கட்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டான். உன் காகிதம்தான் அவனைக் காப்பாற்றியது. விசாரித்த மாஜிஸ்திரேட் அம்மா அதை இரண்டு முறை படித்தார். டோனியிடம், “கேம்ல வர்ற மாதிரி நெனச்சுத்தான் அடிச்சியாப்பா?” என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். பிறகு ஆமாம் என்றான்.

முதலில் வீட்டுக்கு வந்து பார்த்து, அக்கம்பக்கம் விசாரித்துத்தான் முடிவு செய்வோம் என்றிருந்தார்கள். காரணம்தான் தெரிந்துவிட்டதே, இனி எதற்கு என்று விட்டுவிட்டார்கள். தகப்பனார் பொறுப்பில் விடுகிறோம், கம்ப்யூட்டரைத் தொட விடக்கூடாது என்று உன் மச்சானிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பதினெட்டு வயது முடியும்வரை ஒழுங்காக இருக்கவேண்டும், தப்பு நடந்தால் திரும்ப உள்ளேதான் என்று சொல்லி அனுப்பினார்கள்.

செல்வி கல்யாணம் ஆகஸ்ட் 28, புதன்கிழமை. கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பார்கள். நீ வருகிறாய் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். கட்டாயம் வா தம்பி. நீ வந்தால் நன்றாக இருக்கும்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா


அடிலெய்டு
24.7.2002

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். டோனி வீடு திரும்பிய செய்தியைப் படித்துவிட்டு மார்த்தாவும் நானும் முழங்காலில் நின்று ஜெபம் சொன்னோம். இனி எல்லாம் நல்லபடி நடக்கும்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. செல்வி கல்யாணத்துக்கு என்னால் வர இயலாது. சட்டம் பற்றிக் கருத்துக் கேட்கிற குழுவின் முன்னால் நேரில் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதே வாரம். நூலகக் கூட்டத்துக்குப் பிறகு நான் எழுதிக் கொடுத்தது அவர்கள் மனதைத் தொட்டதாம். எழுதியவர்களில் சொந்த வீட்டில் அடிபட்டவன் நான் ஒருவன்தானாம். தாய்மாமன் மாலையை ஒன்றுவிட்ட அண்ணன் யாராவது எடுத்துக் கொடுக்கட்டும். செல்வியிடம் நான் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன். நூறு வீட்டுப் பிள்ளைகளுக்காகத்தான் இதைச் செய்கிறேன் என்று சொல்.

ஓர் உதவி. டோனி தன் கைப்பட நாலு வரி எழுதினால் நன்றாக இருக்கும். அந்த விளையாட்டு தன்னை என்ன செய்தது, எப்படி அப்பாவை அடிக்க வைத்தது என்று அவனே எழுதவேண்டும். மொழிபெயர்த்துச் சேர்த்துவிடுகிறேன். கூட்டம் முடிந்த பிறகு வந்தாலும் எடுத்துக்கொள்வார்கள். சட்டம் வந்தால் அதில் டோனிக்கும் ஒரு பங்கு இருக்கும்.

தம்பி,
பாஸ்கல்


திண்டுக்கல்
27.9.2002

அன்புள்ள மாமாவுக்கு,

டோனி எழுதுவது. நான் நலம். நீங்களும் அத்தையும் நலமா?

அம்மா உங்கள் கடிதத்தை எனக்குக் காட்டவில்லை. ஜோஸ்பின் டீச்சர்தான் சொன்னார்கள். இதை அவர்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது.

நீங்கள் கேட்டதை எழுத முடியாது. அந்தக் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில் ஐந்து மாதம்தான் இருந்தது. போன வருடம் மே மாதமே அப்பா அதைத் தூக்கி நாகல்நகரில் ஒரு கடைக்குக் கொடுத்துவிட்டார். குடிக்கத்தான். துணி போட்டு மூடியிருக்கிறது என்று அம்மா உங்களுக்கு எழுதியது பொய். நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று அப்படி எழுதியது. துப்பாக்கி டிஸ்க் அந்தக் கம்ப்யூட்டரில் ஓடவே இல்லை மாமா. போட்டால் திரை கருப்பாக நின்றுவிடும். நான் கார் மட்டும்தான் ஓட்டினேன்.

பாஸ்கா திங்கள் மத்தியானம் நடந்ததை எழுதுகிறேன். தவக்காலம் முடிந்தால் அப்பா ஆரம்பித்துவிடுவார். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். அன்றைக்கு அம்மா, “நாலு மணிக்குச் செம்பட்டிக்காரவுக வாராக, அதுவரைக்கும் மட்டும் தொடாம இருங்க” என்று கெஞ்சியது. “நாப்பது நாளு இருந்தது ஒனக்குப் பத்தாதாடி?” என்று அப்பா அம்மாவின் கையைப் பிடித்து நிலையில் வைத்துக் கதவை இழுத்துச் சாத்தினார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அம்மா சத்தம் போடவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் செல்வி அக்கா கல்யாணம் நின்றுவிடும் என்று சேலையை வாயில் கடித்துக்கொண்டது. பூட்டு கொண்டியில் தொங்கியது. எடுத்தேன்.

விளையாட்டால்தான் அடித்தேன் என்று சொல்லச் சொன்னது அம்மாதான். உண்மையைச் சொன்னால் அக்கா கல்யாணமும் போகும், அப்பா வேலையும் போகும் என்றது. சொன்னேன். அக்கா கல்யாணம் முடிந்து செம்பட்டிக்குப் போய்விட்டது. கல்யாணத்தில் நீங்கள் வருவீர்கள் என்று அம்மா கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது வீட்டில் மூன்று பேர்தான். அப்பாவுக்குக் கோபம் வந்தால் முதலில் என்னை வெளியே தள்ளி உள்பக்கம் தாழ் போட்டுவிடுகிறார். நான் கதவைத் தட்டினால் தெருவில் இருப்பவர்கள் என்னைத்தான் பிடித்து இழுக்கிறார்கள். கேம் பைத்தியம் திரும்ப வந்துவிட்டது என்கிறார்கள். போலீசுக்குச் சொன்னாலும் என்னைத்தான் கொண்டுபோவார்கள்.

நீங்கள் தாய்மாமன். அப்பா உங்களுக்கு மட்டும்தான் கொஞ்சம் பயப்படுவார். நீங்கள் கொண்டுவரப்போகிற சட்டத்தில் இதற்கெல்லாம் இடம் உண்டா மாமா?

டோனி


அடிலெய்டு
9.10.2002

அன்புள்ள அக்காவுக்கு,

டோனி எழுதிவிட்டான். அவனைத் திட்டாதே.

கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்தேன் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு அடுத்த பத்தியிலேயே டோனி அடித்ததை எழுதியிருக்கிறாய். இரண்டும் ஒரே நாளா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லையே. என் ஸ்டிக்கர், என் பாவம், என் பரிகாரம் என்று என்னையே அழுதுகொண்டிருந்தேன். கடிதக் கடைசியில் கை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி கேட்டேன். நீ பதில் சொன்னாய், நான் படிக்கவில்லை.

குழுவுக்கு எழுதிவிட்டேன். நான் சொன்னது உண்மை இல்லை, எடுத்துவிடுங்கள் என்று. அந்தச் சட்டம் எப்படியும் இப்போதைக்கு வராது என்கிறார்கள், ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லையாம். வந்தால் வரட்டும், போனால் போகட்டும். நூலகத்தில் அந்த வளையம் போட்ட பையனைத் தேடிப் போனேன். யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் வருகிறேன் அக்கா. வந்து வக்கீல் சேக் பரீதைப் பார்த்து, நான் கையெழுத்துப் போட்டது பொய் என்று நானே சொல்லப்போகிறேன். மச்சானை நான் கேட்டுக்கொள்கிறேன். நீயும் டோனியும் அந்த வீட்டில் இருக்கவேண்டாம். என்றைக்கு வரட்டும் என்று மட்டும் எழுது. இல்லை, போனில் ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொல். எனக்குப் புரியும்.

உன் தம்பி,
பாஸ்கல்


திண்டுக்கல்
6.11.2002

இயேசு மரி சூசை துணை

அன்புத் தம்பிக்கு,

ஜோஸ்பின் எழுதுகிறாள். நான் சொல்கிறேன். இங்கு சுகம். அங்கே நீங்கள் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

டோனி சின்னப் பையன். எதையோ எழுதியிருக்கிறான். நீ இப்போது வரவேண்டாம். உன் காகிதம் பொய் என்று நீயே சொன்னால், அதை வைத்து வெளியே விட்ட டோனியைத் திரும்பக் கூட்டிப்போவார்கள். செல்வி முழுகாமல் இருக்கிறாள். செம்பட்டிக்காரர்களுக்குத் தெரிந்தால் அவள் பாடு என்ன ஆகும்? நான் யோசித்துத்தான் செய்தேன். நீ சத்தியம் செய்து கொடுத்த காகிதத்தில்தான் எங்கள் மூன்று பேர் வாழ்க்கையும் நிற்கிறது. அதைத் தொடாதே.

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடச் சத்துணவு அடுப்பில் போட்டுவிட்டேன். டோனியைத் திட்டவில்லை.

உனக்கு வரவேண்டும்போல இருந்தால் தவக்காலத்தில் வா. கோயில் நாட்காட்டியில் பார்த்தேன். அடுத்த வருடம் சாம்பல் புதன் மார்ச் ஐந்தாம் தேதி. அன்றிலிருந்து நாற்பது நாள் வீடு நன்றாக இருக்கும். உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு கிடைக்காது, விரதம். முருங்கைக்காய் சாம்பார் வைத்துத் தருகிறேன். மார்த்தாவையும் கூட்டிவா. நான்கு மாதம்தானே, ஓடிவிடும்.

அக்கா
ஆனந்தமேரி

சகோதரர் பாஸ்கல் அவர்களுக்கு,

ஜோஸ்பின் டீச்சர் எழுதுவது. மேலே உள்ளது அவர்கள் சொன்னது, ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதியிருக்கிறேன். கடிதத்தை ஒட்டி நான்தான் தபாலில் போடப்போகிறேன். அதனால் அவர்கள் சொல்லாத ஒன்றை நானாக எழுதுகிறேன். சாம்பார் வைத்துத் தருகிறேன் என்று சொல்லும்போது அவர்களுக்கு நான்தான் தண்ணீர் தம்ளரை வாயில் வைத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை இரண்டு கையும். மார்ச் மாதம்வரை பார்க்கவேண்டாம், உடனே புறப்பட்டு வாருங்கள்.